ஹீட்டருக்கு அடியில் தினமும் தண்ணீர்: தொட்டி ஓட்டையா, புகையின் ஈரமா?

வாசகர் கேள்வி: கேமரன் மலை ரிங்லெட்டில் எங்கள் பழைய வீட்டின் மூன்று அறைகளை ஹோம்ஸ்டேயாக விட்டிருக்கிறோம். பின்பக்க ஸ்டோர் அறையில் 190 லிட்டர் கேஸ் ஹீட்டர் இருக்கிறது. தலையில் காற்றாடி வைத்து, பிவிசி பைப் வழியாகப் புகையை வெளியே தள்ளும் வகை. போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. சில மாதங்களாகக் காலையில் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. மேல்மூடியில் துரு வழிந்த கோடு தெரிகிறது. குளிர் கூடிய காலைகளில் காற்றாடி மட்டும் ஓடுகிறது, நெருப்புப் பற்றுவதில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டால் சில சமயம் பற்றும். புகை பைப் கூரைக்கடியில் 5 மீட்டர் ஓடிப் பின்சுவரில் வெளியேறுகிறது. நடுவில் கொஞ்சம் தொங்குகிறது. கேஸ் மிச்சமாகட்டும் என்று வெப்பத்தை 45 டிகிரியில் வைத்திருக்கிறோம். பார்க்க வந்தவர், “தொட்டி ஓட்டை, புதிது வாங்குங்கள்” என்கிறார். நெருப்புப் பற்றாத தொல்லைக்கு ஒரு வயரைக் குறுக்கே மாட்டினால் போதும் என்றும் சொன்னார். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரிக்கு வணக்கம். புதிய ஹீட்டருக்கு இப்போதே பணம் கட்டிவிடாதீர்கள். நீங்கள் சொன்ன அடையாளங்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஓட்டையைவிடப் புகையில் உள்ள நீராவி குளிர்ந்து தண்ணீராக இறங்குவதற்கே வாய்ப்பு அதிகம். அதை நீங்களே வீட்டில் இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடலாம்.

அதற்கு முன் அந்த வயர் விஷயம். தயவுசெய்து அதை மாட்ட விடாதீர்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால் இதைப் படித்த கையோடு கேஸ் வால்வை மூடிவிடுங்கள். காற்றாடி ஓடுவது மட்டும் போதாது, புகை உண்மையிலேயே வெளியே போகிறதா என்று பார்க்க அதன் பக்கத்தில் ஒரு பிரஷர் சுவிட்ச் இருக்கிறது. பைப்பில் அடைப்பு இருந்தால் அது நெருப்பைப் பற்றவிடாது. உங்கள் வீட்டில் குளிர் காலைகளில் நடப்பது பெரும்பாலும் அதுதான். அந்தச் சுவிட்சைத் தாண்டி வயர் கொடுத்துவிட்டால், பைப் அடைத்திருக்கும்போதும் பர்னர் எரியும். புகை ஸ்டோர் அறைக்குள் திரும்பும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. கேஸ் தோங்கில் (சிலிண்டரில்) வரும் நாற்றம் கசிவு தெரிவதற்காகச் சேர்க்கப்படுவது, எரிந்த புகையில் அது வராது. மலைக் குளிரில் சன்னல்களை இறுக மூடிக்கொண்டு விருந்தினர் தூங்குகிற வீடு உங்களுடையது. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று யாராவது சொன்னால், அதுவும் ஒரே சமயத்தில் இரண்டு பேர் சொன்னால், எல்லாரையும் வெளியே கூட்டிப்போய் 999-ஐ அழையுங்கள். காரணத்தைப் பிறகு தேடலாம். இஎன் 50291 என்ற தர எண் போட்ட கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை ஸ்டோர் அறையை ஒட்டிய படுக்கையறையிலும், இன்னொன்றை நடைவழியிலும் மாட்டுங்கள். ஹீட்டர் சரியான பிறகும் அவை அங்கேயே இருக்கட்டும்.

இப்போது தண்ணீருக்கு வருவோம். எல்பிஜி எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. 1 கிலோ எல்பிஜி எரிந்தால் ஏறத்தாழ 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு போகும். 14 கிலோ தோங் ஒன்று காலியாகும்போது 22 லிட்டர் தண்ணீர் அந்தப் பைப் வழியே போயிருக்கிறது என்று கணக்கு. புகை சூடாக இருக்கும்வரை அது கண்ணுக்குத் தெரியாது. சுமார் 50 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பில் பட்டாலும், இட்லிக் குண்டான் மூடியில் படிவதுபோல, அங்கே தண்ணீராகப் படியும். உங்கள் வகை ஹீட்டரில் காற்றாடி அறைக் காற்றையும் இழுத்துப் புகையோடு கலக்கிறது. பிவிசி பைப் உருகாமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். காற்று கலப்பதால் நீராவி கொஞ்சம் நீர்த்துப்போய், படியத் தொடங்கும் வெப்பநிலை 45 டிகிரி அளவுக்கு இறங்கும். ஆனால் புகையும் அதோடு குளிர்ந்துவிடுகிறது. இரவில் 15, 16 டிகிரிக்கு இறங்கும் மலைக் காற்றில் 5 மீட்டர் பைப் ஓடும்போது, சுவரைத் தொடுவதற்குள் பைப்பின் உட்புறம் நனைந்துவிடும்.

தொட்டிக்குள்ளும் இதேதான். தொட்டியின் நடுவே கீழிருந்து மேலாக ஒரு புகைக்குழாய் போகிறது. அதைச் சுற்றித்தான் தண்ணீர் நிற்கிறது. குளிர்ந்த தண்ணீர் உள்ளே வந்ததும் அந்தக் குழாயின் சுவரும் குளிர்கிறது. புகை அதில் பட்டுத் தண்ணீராகி நேராகப் பர்னர் மேல் சொட்டுகிறது. “சுர் சுர்” என்ற சத்தம் கேட்டிருப்பீர்கள். நெருப்பு இடையிடையே மஞ்சளாகத் தாவும். காலியான தொட்டியை முதன்முறை நிரப்பிச் சூடாக்கும்போது எல்லா ஹீட்டரிலும் இது நடக்கும். தண்ணீர் 50 டிகிரியைத் தாண்டியதும் நின்றுவிடும். நிற்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

ஓட்டையா ஈரமா என்று பிரித்துப் பார்க்க, தண்ணீரை அளக்க வேண்டும். ஊகத்தைவிட அளவு நம்பகமானது. 190 லிட்டரை 18 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 0.8 கிலோ கேஸ் ஆகும். அதிலிருந்து வரக்கூடிய நீராவி மொத்தமே 1.3 லிட்டர்தான். அதில் பெரும்பகுதி வெளியே போய்விடும். ஆக, தொட்டி ஒருமுறை முழுதாகச் சூடாகும்போது அடியில் சில நூறு மில்லிலிட்டர் தேங்கினால் அது புகையின் ஈரமாக இருக்கலாம். ஒரு பக்கெட் நிறைந்தால் அது புகையிலிருந்து வந்திருக்க முடியாது, கேஸில் அவ்வளவு தண்ணீரே கிடையாது. தோங் எத்தனை நாள் வருகிறது என்று பார்த்தால் உங்கள் வீட்டுக்கான உச்ச அளவு தெரிந்துவிடும். 14 கிலோ தோங் ஒரு வாரம் வந்தால் நாளுக்கு 2 கிலோ கேஸ், அதாவது 3.2 லிட்டர் நீராவி. தட்டில் தினமும் அதில் பாதிக்கு மேல் சேர்ந்தால் வேறு இடத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். ஹீட்டரின் அடியைத் துடைத்துக் காயவைத்து, விளிம்பு தாழ்ந்த அகலத் தட்டை உள்ளே தள்ளுங்கள். குளிர்த்தண்ணீர் உள்ளே வரும் இணைப்பு, பாதுகாப்பு வால்வின் வடிகுழாய் முனை, அடியிலுள்ள வடிகால் குழாய், காற்றாடியின் அடிப்பகுதி ஆகிய நான்கு இடங்களிலும் டிஷ்யூ தாளை ரப்பர் பேண்டால் சுற்றிவிடுங்கள். சூடான புகை பைப்பில் மட்டும் சுற்ற வேண்டாம். வழக்கம்போல ஒரு பகலும் ஒரு காலையும் ஓடட்டும். எந்தத் தாள் முதலில் நனைகிறது, நெருப்பு எரியும்போதா நின்ற பிறகா என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து ராத்திரிச் சோதனை. எல்லாரும் குளித்து முடிந்து, தொட்டி முழுதும் சூடாகி, பர்னர் தானாக நின்ற பிறகு ஹீட்டரை அணையுங்கள். தண்ணீர் வால்வை மூட வேண்டாம், அழுத்தம் அப்படியே இருக்க வேண்டும். தட்டைத் துடைத்து வையுங்கள். காலைவரை சுடுதண்ணீர்க் குழாயை யாரும் திறக்கக் கூடாது. காலையில் தட்டு காய்ந்திருந்தால் தொட்டி ஓட்டையில்லை. நெருப்பே இல்லாமல் ஆறேழு மணி நேரத்தில் தண்ணீர் சேர்ந்திருந்தால் அது கசிவு. அப்போதும் தொட்டியைக் குற்றம் சொல்வதற்கு முன் மேல் இணைப்புகளையும் வடிகால் குழாயையும் பாருங்கள். மேலே கசிகிற தண்ணீர் உறைக்குள் இறங்கி அடியில் வந்து நிற்கும்.

சேர்ந்த தண்ணீரில், அமிலமா என்று 1 முதல் 14 வரை எண்ணாகக் காட்டும் பிஎச் தாள் ஒன்றை நனைத்தும் பார்க்கலாம். புகையிலிருந்து வந்த தண்ணீர் அமிலம். 3 முதல் 5-க்குள் காட்டும். குழாய்த் தண்ணீர் 7-ஐ ஒட்டி நிற்கும்.

இதில் ஒரு குழப்பம் வரலாம். தண்ணீர் சூடாகும்போது விரியும். 190 லிட்டர் 18-இலிருந்து 55 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 2.5 லிட்டர் கூடும். கூரைத் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீர் என்றால் அந்த விரிவு பின்னோக்கி மேலே போய்விடும். நீங்கள் பம்ப் வைத்து, ஒருவழி வால்வும் போட்டிருந்தால் அதற்குப் போக்கிடம் இல்லை. பாதுகாப்பு வால்வு திறந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். வடிகுழாய் முனையிலுள்ள தாள், நெருப்பு எரியும்போது மட்டும் நனைந்தால் இதுதான் காரணம். விரிவுத் தொட்டி ஒன்று போட்டால் தீர்ந்துவிடும். வடிகுழாயின் வாயைத் திருகி அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. அது வெடிகுண்டைக் கட்டி வைப்பதற்குச் சமம், ஒருபோதும் வேண்டாம்.

குளிர்த்தண்ணீர்ப் பைப் வியர்த்துச் சொட்டுவதும் உண்டு. துணி காயப்போடும் அறையில்தான் இது அதிகம். ஏர்கோன் பைப்புக்குப் போடும் கறுப்பு ரப்பர் உறையை 9 மில்லிமீட்டர் கனத்தில் வாங்கிச் சுற்றினால் போதும்.

இனி, உங்கள் ஹீட்டரில் ஈரம் ஏன் இவ்வளவு என்ற கேள்வி. முதல் காரணம் அந்த 45 டிகிரி. புகை தண்ணீராகப் படியும் வெப்பநிலையும் கிட்டத்தட்ட அதே. ஆக, தொட்டித் தண்ணீர் குளிராக இருக்கும்போது தொடங்கும் சொட்டு, பர்னர் நிற்கிறவரை ஓயாது. புகைக்குழாய் ஒருநாளும் காய்வதில்லை. துருக்கோட்டுக்கும் இதுவே வேர்.

கேஸ் மிச்சம் என்பதிலும் ஒரு கணக்குப் பிசகு இருக்கிறது. ஒருவர் நிமிடத்துக்கு 8 லிட்டர் வரும் ஷவரில் 10 நிமிடம் குளித்தால் 40 டிகிரியில் 80 லிட்டர் வேண்டும். தொட்டியில் 45 டிகிரி என்றால் அதில் 65 லிட்டர் தொட்டியிலிருந்தே போகும். 190 லிட்டரில் உருப்படியாகச் சூடாகக் கிடைப்பது 130 லிட்டர் அளவுதான். இரண்டு பேர் குளித்ததும் தொட்டி முழுதும் மலைத் தண்ணீர் வந்துவிடுகிறது. மூன்றாமவர் காத்திருக்கிறார், பர்னர் ஈரத்தில் நனைந்துகொண்டே எரிகிறது. அதே தொட்டி 60 டிகிரியில் இருந்தால் ஒரு குளியலுக்கு 42 லிட்டர் போதும், மூன்று பேருக்கு வரும். தொட்டி சும்மா நிற்கும்போது வெளியே போகும் சூடு கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான். அது சிறு தொகை. பர்னரும் புகைக்குழாயும் துருப்பிடித்துப்போவதோடு ஒப்பிட வேண்டியதில்லை. இன்னொன்று, 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தேங்கிய தண்ணீரில், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும். விருந்தினருக்கு வாடகைக்கு விடும் வீட்டில் சுடுதண்ணீரை 60-இல் சேமிப்பதே முறை.

ஆனால் வெறுமனே 60-க்குத் திருப்பிவிடாதீர்கள். 60 டிகிரி தண்ணீர் பெரியவர் தோலையே ஐந்து விநாடியில் வேகவைத்துவிடும், குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். தொட்டியிலிருந்து வெளிவரும் பைப்பில், குளிர்த்தண்ணீரைக் கலந்து சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் கலப்பு வால்வு ஒன்றைப் போட்டு, அதை 45 முதல் 48-க்குள் நிறுத்துங்கள். வால்வு போட்டு, குழாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் ஹீட்டரைக் கூட்ட வேண்டும். அதுவரை 50-இல் வைத்தாலே சொட்டு குறைவது தெரியும். 50-உம் குழந்தைகளுக்குச் சூடுதான் என்பதால் குளியலறையில் எச்சரிக்கை ஒட்டுங்கள். விருந்தினர் எல்லாரும் ஏழு மணிக்கே குளிக்காமல் கால் மணி இடைவெளி விட்டுக் குளித்தாலும் தொட்டி மீளும்.

அடுத்தது பைப். எனக்கு இதுதான் பெரிய கவலை. தொங்கும் இடத்தில் தண்ணீர் தேங்குகிறது. பிவிசி சூட்டில் இளகும் பொருள். கிளிப்புகள் தூரத் தூரமாக இருந்தால், சில மாதங்களில் தன் எடையிலேயே வளையும். வளைவில் தண்ணீர் சேரும்; சேர்ந்த எடை இன்னும் இழுக்கும். காற்றாடி கிளம்பும்போது பைப்பில் காதை வைத்துக் கேளுங்கள். “களக் களக்” என்றால் உள்ளே குட்டை இருக்கிறது. புகை போகும் வழி அந்தத் தண்ணீருக்கு மேலே மிஞ்சியிருக்கும் இடுக்கு மட்டும்தான். குளிர்ந்த காலையில் ராத்திரி முழுதும் சேர்ந்த தண்ணீர் உச்சத்தில் இருக்கும், பிரஷர் சுவிட்ச் சம்மதிக்காது, நெருப்புப் பற்றாது. அணைத்துப் போட்டால் காற்றாடி கொஞ்சம் தண்ணீரைத் தள்ளிவிடும், பிறகு பற்றும். நீங்கள் எழுதியது அச்சாக இதோடு பொருந்துகிறது.

சரிசெய்ய, 1.2 மீட்டருக்கு ஒரு தாங்கி வீதம், எல்பிஜி ஹீட்டருக்கு அங்கீகரித்த புகை பைப்பையே நேராகக் கட்ட வேண்டும். ஒவ்வொரு எல்போவுக்கும் அடுத்து ஒரு தாங்கி. கிளிப் பைப்பை நெரிக்கக் கூடாது, சூட்டில் அது நீள இடம் வேண்டும். சாய்வு மீட்டருக்கு 20 மில்லிமீட்டர் என்பது பழகிய கணக்கு. 5 மீட்டருக்கு 100 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். எந்தப் பக்கம் இறங்குவது என்பதை உங்கள் ஹீட்டரின் புத்தகம்தான் தீர்மானிக்கும். சில மாடல்களில் வெளிச்சுவரை நோக்கி. சிலவற்றில் ஹீட்டரை நோக்கி இறக்கி, காற்றாடிக்கு மேலே வடிகால் டீ (T வடிவ இணைப்பு) ஒன்றைப் போடச் சொல்வார்கள். டீ இல்லாமல் பின்னோக்கிச் சாய்த்தால் அமிலத் தண்ணீர் நேராகக் காற்றாடிக்குள் இறங்கும். உங்கள் மேல்மூடித் துருக்கோட்டைப் பார்த்தால் அதுவும் நடந்திருக்கிறது என்று தோன்றுகிறது. இரண்டு முறையிலும் பொது விதி ஒன்றே. நடுவில் பள்ளம் இருக்கக் கூடாது.

பைப் நீளத்துக்கும் எல்போ எண்ணிக்கைக்கும் புத்தகத்தில் உச்சவரம்பு இருக்கும். 90 டிகிரி எல்போ ஒன்றைச் சில மீட்டர் நேர்ப்பைப்புக்குச் சமமாகக் கணக்கிடுவார்கள். எல்போக்களையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சாதாரண வடிகால் பைப்பை அந்த இடத்துக்கு வாங்கிவிட வேண்டாம். அது அவ்வளவு வெப்பத்துக்குச் செய்யப்பட்டதல்ல. குளிருக்குப் பயந்து பைப்புக்கு ஸ்பஞ்ச் சுற்றுவதையும் புத்தகம் அனுமதித்தால் மட்டுமே செய்ய வேண்டும். பிவிசி மூச்சுவிட முடியாமல் இன்னும் இளகும். புகைக்குழாய்க்குள் இருக்கும் சுருள்தகட்டை எடுத்துவிட்டால் புகை சூடாகப் போகும், ஈரம் குறையும் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். சூடு தண்ணீருக்குப் போகாமல் பைப்புக்குப் போகும், பிவிசி தாங்காது.

வடிகால் டீயிலிருந்தோ காற்றாடிப் பெட்டியின் சிறு முனையிலிருந்தோ ஒரு ரப்பர் குழல் இறங்கும். அதில் 150 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு வளையம் போட்டு, டையால் கட்டி, முதலில் கையால் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். வளையத்தில் நிற்கும் தண்ணீர்தான் புகையை அறைக்குள் வராமல் தடுக்கிறது. இங்கே ஹோம்ஸ்டேக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. விருந்தினர் வராத வாரங்களில் ஹீட்டர் ஓடாது, வளையம் காய்ந்துவிடும். மறுபடி போடும் நாளில் காய்ந்த குழல் வழியே புகை வரும். நீண்ட ஓய்வுக்குப் பிறகு வளையத்தில் அரைத் தம்ளர் தண்ணீர் ஊற்றிவிட்டே ஹீட்டரைப் போடுங்கள். குழலின் கடைமுனை தண்ணீரில் முங்கக் கூடாது.

பிரஷர் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழலையும் பாருங்கள். உள்ளே இரண்டு சொட்டு தண்ணீர் நின்றாலே சுவிட்ச் தவறாகப் புரிந்துகொள்ளும். பிளக்கைப் பிடுங்கி, குழலை இரு முனையிலும் கழற்றி, உதறிக் காயவைத்து, தொய்வு இல்லாமல் திரும்ப மாட்ட வேண்டும். சுவிட்சின் வாயில் ஊதக் கூடாது. உள்ளேயிருக்கும் சவ்வு கிழிந்துவிடும். கட்டுப்பாட்டுப் பெட்டியில் விளக்கு மினுங்கும் எண்ணிக்கைக்கு ஒரு பொருள் உண்டு. கதவின் உள்பக்கத்தில் அட்டவணை ஒட்டியிருக்கும். அணைத்துப் போடுவதற்கு முன் எத்தனை முறை மினுங்குகிறது என்று எழுதிவையுங்கள்.

வெளிமுனைக்கும் ஒருமுறை ஏணி வைத்து ஏறிப் பாருங்கள். குளவி மண்கூடு கட்டுவது இங்கே சாதாரணம். வலை போடுவதானால் தயாரிப்பாளர் தரும் வலையே போடுங்கள், கொசுவலை மாதிரி நெருக்கமானது ஈரத்திலும் தூசியிலும் அடைத்துவிடும். முனையிலிருந்து சன்னல், கதவுக்குக் குறைந்தது 1.2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். முனையில் சொட்டும் தண்ணீர் நடைபாதையில் விழாமல் பாருங்கள். பாசி பிடித்து வழுக்கும்.

அந்தத் தண்ணீர் அமிலம் என்றேன். சிமெண்டுத் தரையை மெல்ல அரிக்கும், செம்பு, இரும்பு பைப்புகளைத் தின்னும். வடிகாலை பிளாஸ்டிக் பைப்பிலேயே கொண்டுபோங்கள். வழியில் 100 மில்லிமீட்டர் பிவிசி துண்டு ஒன்றில் 2 கிலோ சுண்ணாம்புக்கல் ஜல்லியைப் போட்டு, கீழிருந்து மேலாகத் தண்ணீர் போகும்படி வைத்தால் அமிலம் தணிந்துவிடும். சிம்பாங் பூலாய் பக்கம் வெட்டுகிற கல்லே போதும், ஈப்போவில் தோட்டப் பொருள் கடைகளில் கிடைக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஜல்லியைக் கழுவி, வெளியே வரும் தண்ணீரில் பிஎச் தாள் வைத்துப் பாருங்கள். 5-க்குக் கீழே காட்டினால் ஜல்லியை மாற்றும் நேரம்.

ஸ்டோர் அறையில் வேறு என்ன வைத்திருக்கிறீர்கள்? பிளீச், டைல்ஸ் கழுவும் திரவம், காய்கறித் தோட்டத்துக்கான பூச்சிமருந்து இருந்தால் இன்றே வெளியேற்றுங்கள். அவற்றின் ஆவியில் குளோரின் கலவைகள் இருக்கும். பர்னர் வழியே போய் ஹைட்ரோகுளோரிக் அமிலமாக மாறும். ஒன்றரை வருடத்தில் துரு கோடாக வழிவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ஈரத்துணி காயப்போடுவதும் வேண்டாம். கதவின் மேலும் கீழும் காற்றுத்துளை அடைபடாமல் இருக்கட்டும், காற்றாடி இழுக்கும் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.

கேஸ் பக்கம் இரண்டு விஷயம். குளிர்ந்த காலையில் ஹீட்டர் நெடுநேரம் ஓடும்போது தோங்கைத் தொட்டுப் பாருங்கள். அடிப்பகுதி வியர்த்துச் சில்லென்றிருந்தால், உள்ளே திரவம் ஆவியாகும் வேகத்தைவிட ஹீட்டர் அதிகம் உறிஞ்சுகிறது. நெருப்பு தளரும், புகை குளிரும், ஈரம் கூடும். இரண்டு தோங்கை ஒன்றாக இணைத்துக் கொடுத்தால் தீரும். தோங்குகள் வெளியே, சாக்கடைக்கும் பள்ளத்துக்கும் தள்ளி நிற்க வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனம், தாழ்வான இடத்தில் தேங்கும். ரெகுலேட்டரின் வெளிஅழுத்தம் ஹீட்டரின் பெயர்ப்பலகையில் போட்டிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். பெரும்பாலான எல்பிஜி ஹீட்டர்களுக்கு அது 2.8 கிலோபாஸ்கல் ஒட்டி இருக்கும்.

மற்றது உயரம். ரிங்லெட் 1,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால், சமவெளிக்குப் பொருத்திய ஜெட் (பர்னருக்குக் கேஸ் விடும் சிறுதுளை முனை) இங்கே தேவைக்கு மேல் கேஸ் விடும். அமெரிக்க விதிமுறையில் 600 மீட்டருக்கு மேலுள்ள இடங்களுக்கு, கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 4 சதவீதம் கேஸைக் குறைக்கச் சொல்கிறார்கள். உங்கள் மாடலுக்கு உயரத்துக்கான ஜெட் தேவையா என்று புத்தகத்தில் இருக்கும். நெருப்பு மஞ்சளாகவே எரிந்து, கரியும் படிந்திருந்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

பைப்பைத் தாங்கிகளில் தூக்குவது, டிஷ்யூச் சோதனை, ஜல்லி, அறையைக் காலி செய்வது ஆகியவற்றை நீங்களே செய்யலாம். பைப்பைப் பிரிப்பது, கேஸ் அழுத்தம் அளப்பது, ஜெட் மாற்றுவது ஆகியவற்றுக்கு சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையத்தில்) பதிவு செய்த கேஸ் கொந்திராக்டரை அழையுங்கள். ரிங்லெட்டில் கிடைக்காவிட்டால் தாப்பாவிலோ ஈப்போவிலோ தேடலாம். வந்தவரிடம் பழைய பைப்பை மாற்றிச் சாய்வு அளந்து காட்டச் சொல்லுங்கள். பர்னரைக் கழற்றித் துருச் செதில்களைத் துடைக்கச் சொல்லுங்கள். கடைசியில் ஸ்டோர் அறையின் சன்னல், கதவை மூடி, ஹீட்டரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அறைக் காற்றில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று கருவியில் அளந்து எழுதித் தரக் கேளுங்கள். அந்தத் தாள் கையில் இல்லாமல் அறைகளைப் புதிதாக யாருக்கும் விட வேண்டாம்.

ராத்திரிச் சோதனையில் தட்டு நனைந்து, இணைப்புகள் எல்லாம் காய்ந்திருந்தால்தான் தொட்டி கசிகிறது என்று முடிவுக்கு வரலாம். ஒட்டுப்போட்டு அதைக் காப்பாற்ற முடியாது. ஒன்றரை வருடம்தான் ஆகிறது என்பதால் உத்தரவாத அட்டையைத் தேடி எடுங்கள். தொட்டிக்கான உத்தரவாதம் மற்ற பாகங்களைவிடப் பல வருடம் நீண்டிருப்பது வழக்கம். அளவுக் குறிப்புகள், பிஎச் தாள், மினுங்கும் எண்ணிக்கை ஆகியவற்றின் படத்தையும் சேர்த்துக் கடைக்காரரிடம் கொடுங்கள். தொட்டி நன்றாக இருந்தால், உள்ளே தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிந்து அதைக் காக்கும் அனோடு கம்பியை அதே வருகையிலேயே கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நடுக்கம்பி வெளியே தெரியும் அளவுக்குக் கரைந்திருந்தால் புதிது போட வேண்டும்.